உப்புக் கொட்டகையில் மார்ச்

கடைசி ஆட்டம் முடிந்து ஆறு வாரம்.
ஈரி ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை.
காலை நாலரைக்கு, நகராட்சியின் உப்புக் கொட்டகையில்,
பனி தள்ளும் லாரிகள் சூடாகிக்கொண்டிருக்க
ஆட்டம் தொடங்குகிறது.

எங்கள் ஊருக்கென்று அணி கிடையாது.
கிழக்கே ஒன்றரை மணி நேரத்தில் பஃபலோ,
மேற்கே கிட்டத்தட்ட அதே தூரத்தில் கிளீவ்லாந்து,
தெற்கே பிட்ஸ்பர்க்.
மூன்று வீட்டுக்கும் பொதுச்சுவர் நாங்கள்.
எந்த வீட்டுச் சண்டையும் எங்களுக்குக் கேட்கும்.

"முப்பத்தேழு வயசு. தோளில் இரண்டு ஆபரேஷன்.
அவனுக்குப் போய் இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தமா?"
லோனி காபிக் கோப்பையை ஆட்டுகிறான்.
"கிளட்ச் போனால் லாரியையே விற்பாயா?"
ஆறாம் எண் வண்டியின் படியிலிருந்து ஸ்டாஷ்.
"கிளட்ச்சை மாற்றலாம். தோளை மாற்ற முடியுமா?"
"என் மாமியாருக்கு மாற்றினார்கள்."
"உன் மாமியார் அறுபது கஜம் எறிவாரா?"
"கோபம் வந்தால்."

டெல்ஃபின் பிட்ஸ்பர்க்காரி.
அவள் அணியில் இப்போது குவார்ட்டர்பேக்கே இல்லை.
வரன் தேடும் வீடு மாதிரி
வருகிறவன் போகிறவன் எல்லாரையும் எடை போடுகிறாள்.
இவனுக்குக் கை நீளம், நிதானம் போதாது.
அவனுக்கு நிதானம் உண்டு, முட்டி போய்விட்டது.
கல்லூரியிலிருந்து வருகிற பொடியனுக்கோ
உள்ளங்கை சின்னது, ஈரப்பந்து நழுவும்.
"கால் அங்குலம்," விரலிடுக்கில் காட்டுகிறாள்,
"இந்தக் கால் அங்குலத்தில் பத்து வருஷம் போய்விடும் எனக்கு."

நான் ரேடியோ மேசைக்காரி. எனக்குக் கட்சி இல்லை,
கணக்கு மட்டும்தான்.
மார்ச் மாதம் ஆளுக்குப் பத்து டாலர் ஊறுகாய் ஜாடியில்.
சுவரில் சுண்ணக்கட்டியால் மூன்று பெயர்:
டிசம்பரில் மூன்று ஊருக்கும் எவனெவன் எறிவான்?
மூன்றும் பொருந்தினால் ஜாடி உனக்கு.
ஒன்பது மார்ச், முந்நூற்று ஐம்பது டாலர்
(லோனி ஒரு வருஷம் கடன்),
ஒருவனும் ஜெயித்ததில்லை.

இன்று பழைய பெயர்களை அழிக்கத் துணி எடுத்தேன்.
பாதியை உப்பே தின்றிருந்தது.
டீசல் பம்ப்பின் மறைவில்
கெர்ஹார்டின் வரி மட்டும் முழுசாக.
கெர்ஹார்ட் ஜூலையில் போய்விட்டான்,
படகில், தூண்டிலோடு, லீவு கூடச் சொல்லாமல்.
கிளீவ்லாந்தின் மூன்றாவது பெஞ்சுப் பையனை
அவன் எழுதியபோது சிரித்தது எனக்கு ஞாபகமிருக்கிறது.
படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.
மூன்றும் சரி.
டிசம்பரில் நாங்கள் யாரும் சுவரைப் பார்க்கவில்லை.
டிசம்பரில் இங்கே தூங்கவே நேரமில்லை.

என்ஜின்கள் மட்டும் பேசின சற்று நேரம்.
"டொலீடோவில் மகள் இருக்கிறாள், அனுப்பலாம்."
"என்னவென்று எழுதுவாய்? உன் அப்பா சொன்னது சரி என்றா?
அவள் நம்பமாட்டாள்."
டெல்ஃபின் ஜாடியைத் திறந்து
பத்து டாலர் எடுத்தாள், எல்லாரிடமும் காட்டினாள்,
திரும்ப உள்ளே போட்டாள்.
"இந்த வருஷமும் ஆடுகிறான்."

பிறகுதான் நிஜமான சண்டை.
தங்களுக்காகக் கூட அப்படிக் கத்தியதில்லை.
தோள்காரனை அவன் கைவிடமாட்டான் என்று ஸ்டாஷ்,
வயசானவர்கள்மேல் அவனுக்கு இரக்கமே கிடையாது என்று லோனி,
பிட்ஸ்பர்க்கை அவன் நினைத்தே பார்த்ததில்லை என்று
அழுகிற குரலில் டெல்ஃபின்.

ஐந்து பத்துக்கு அழைப்பு வந்தது.
நெடுஞ்சாலையில் வெள்ளைத் திரை, ஒரு டிரெய்லர் குறுக்கே.
வண்டிகள் போயின. கொட்டகை பெரிதாகிவிட்டது.
இரண்டு பெயர் எழுதியாகிவிட்டது.
பிட்ஸ்பர்க்குக்கு நேரே வெறும் சுவர்,
என் கையில் சுண்ணக்கட்டி.

ரேடியோ கரகரத்தது. லோனி.
"கண் தெரியவில்லை, மெதுவாகப் போகிறேன்.
டெல்ஃபினிடம் சொல், கால் அங்குலமெல்லாம் ஒன்றுமில்லை.
கெர்ஹார்டுக்கு வலது கையில் மூன்று விரல்தான்.
ஒரு மீன் நழுவிப் பார்த்திருக்கிறாயா? ஓவர்."